தாளித்தால் மணி அடிக்கிற வீடு

என் மாமியாருக்கு அடுத்தவர் அடுப்படிக்குள் நுழையாமல் இருக்கத் தெரியாது. கல்யாண வீடோ, கருமாதி வீடோ, புதுமனைப் புகுவிழாவோ, வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையல்கட்டுக்குத்தான் போவார். அங்கே கொதித்துக்கொண்டிருக்கிற எதன் மூடியையாவது முந்தானையால் பிடித்துத் தூக்குவார். மோந்து பார்ப்பார். பிறகு அந்த வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்காமலேயே, "உப்பு எங்க வெச்சிருக்கற?" என்று கேட்பார். அந்தக் கேள்வியால் முறுக்கிக்கொண்ட உறவுகள் எங்கள் குடும்பத்தில் உண்டு. ஆனால் அவர் கைவைத்த பிறகு அந்தக் குழம்பை யாரும் மிச்சம் வைத்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

இப்படிப்பட்டவர் செய்த தொழில்தான் வேடிக்கை. திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், அவருக்கு ஒட்டினாற்போல இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்றில் அவர் இருந்தார். மற்றதை, மொட்டை போடவும் காது குத்தவும் வருகிற குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார். கேஸ் அடுப்பு, அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் அங்கேயே இருக்கும். வருகிறவர்கள் அரிசி பருப்பு கொண்டுவந்து தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது. வாசலில் 'சமையல் வசதியுடன் வீடு வாடகைக்கு' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய பலகை உண்டு. நகரி, புத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் நிறைய வருவார்கள். தாங்களே சமைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் பலகையோடு சரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அந்தப் பக்கம் அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டதும் இந்தப் பக்கத்திலிருந்து கதவு திறக்கும்.

நான் அவரை முதலில் பார்த்ததும் அந்தக் கதவு வழியாகத்தான். நாங்கள் மணவூர்க்காரர்கள். என் அக்கா மகனுக்கு மொட்டை போட வந்து அந்த வீட்டில் இறங்கியிருந்தோம். அம்மா சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி உள்ளே வந்து, குண்டான் மூடியைத் தூக்கிப் பார்த்து, புளி பத்தவில்லை என்றார். எங்கள் வீட்டில் இப்படித்தான் வைப்போம் என்றாள் அம்மா.

"ஆங், அதாங்க நானும் சொல்றேன்" என்றார் அவர்.

அதற்குள் அவருடைய மகள் ஓடிவந்து, தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். இலை போடும்போது அம்மா என்னிடம் இரகசியமாக, பெண் நல்ல பெண்ணாகத் தெரிகிறாள், அந்த அம்மாவோடுதான் யாருக்கும் ஒத்துவராது என்றாள். முதல் பாதியை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன். அடுத்த வருடமே அவர் எனக்கு மாமியாரானார்.

வாடகை வீட்டுக்கு அவர் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கவிச்சி சமைக்கக் கூடாது. கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் இடம், மலைக்கு நேர் கீழே இருக்கிறது, அதனால். கல்யாணமான புதிதில் ஒருநாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து கருவாடு வறுபடுகிற வாசனை வந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நேற்றோடு வேண்டுதல் முடிந்துவிட்டது, விரதமும் முடிந்துவிட்டது, ஊருக்குப் போகும் வரை பொறுக்கவில்லை போலிருக்கிறது. மாமியார் சாப்பாட்டை விட்டு எழுந்தார். பெரிய சண்டை வரும் என்று நானும் பின்னாலேயே போனேன். அங்கே ஆண்களும் பெண்களும் பிடிபட்ட மாதிரி நின்றார்கள். இவர் வாணலியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"காத்து மலப் பக்கம் அடிக்குது" என்றார். "அந்த சன்னல மூடிக்கினு வறுங்க."

திரும்பி வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். அந்தக் குடும்பத்தார் காலி செய்து போகும்போது ஒரு பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் எங்கள் பக்கத்துச் சன்னலும் மூடியிருந்தது.

பிறகு வேலை எங்களைக் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. அங்கே குளிருக்கும் மழைக்கும் பழகினோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. சொல்வதென்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரிக்கு வந்து சேர எங்களுக்குப் பல வருடம் பிடித்தது. மருத்துவம் பார்த்தோம். ஊசிகள், சோதனைகள், நம்பிக்கைகள், மறுபடியும் ஊசிகள். குறை என்று எதையும் மருத்துவர்களால் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஒரு வசந்த காலத்தில், இதோடு போதும் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் என் மனைவியைப் பார்த்தவர்கள் பார்த்த இடத்தில் விசேஷம் கேட்டார்கள். பூக்காரம்மா கேட்டார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேட்டார். கேட்காத ஒரே ஆள் அவளுடைய அம்மாதான். பக்கத்து வீட்டில் என்ன கூட்டு என்பது வரை தெரிந்துகொள்ளாமல் தூங்காதவர், இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மாவுக்குக் கோபமாக இருக்கலாம் என்று ஒருநாள் சொல்வாள் மனைவி. இன்னொரு நாள், அவமானமாக இருக்கலாம் என்பாள். அந்த மௌனம் ஊரார் கேள்விகளைவிட அவளை அதிகமாகத் தின்றது.

அந்த ஆண்டு கோடையில் மாமியார் எங்களோடு தங்க வந்தார். இனி மருத்துவம் இல்லை என்பதை எங்காவது அமைதியான இடத்தில் வைத்து அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனைவி விரும்பினாள். அதற்காகவே மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவில், கடலோரமாக ஒரு வாரத்துக்கு வீடு எடுத்தாள். வீடும் அடுப்பும் பாத்திரமும் அவர்கள் தருவார்கள், நாமே சமைத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கினாள்.

"நம்ம வூடு மாதிரியா?"

"ஆங், அதே மாதிரிதான்."

"கோயிலு இருக்குதா?"

"இல்லம்மா. கடலப் பாக்க வருவாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாத்துட்டு?" என்றார்.

காரோடு கப்பலேறி அந்தத் தீவில் இறங்கினோம். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் அடித்தது. சாலை நடுவில் ஆடுகள் படுத்திருந்தன. வெள்ளையடித்த சின்ன வீடு. சன்னலைத் திறந்தால் பாறை, பாறைக்கு அப்பால் சாம்பல் நிறக் கடல். மாமியார் கடலை ஒரு தரம் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அது விருந்தாளியின் பார்வை இல்லை, அதே தொழிலில் இருப்பவரின் பார்வை. கத்தி மழுங்கல், மூடியில்லாத பாத்திரம் அதிகம், ஆனால் அடுப்பைப் பளிச்சென்று துடைத்து வைத்திருக்கிறான் என்று தீர்ப்புச் சொன்னார். மேசைமேல் வீட்டுக்காரர் பாலும் ரொட்டியும் முட்டையும் வைத்திருந்தார். வருகிறவர்களுக்கு முதலில் பால் கொடுக்க வேண்டும் என்பது இத்தனை வருடம் தனக்குத் தோன்றவில்லையே என்று மாமியாருக்கு வருத்தம்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு வாளி நிறைய மீன் இருந்தது. மேட்டில் இருந்த கல்வீட்டில் ஒரு நாயோடு தனியாக வாழ்ந்த வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போனது. நம் கானாங்கெளுத்தியேதான். மாமியார் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழம்புக்கு ஏற்பாடு செய்தார். எண்ணெய் காய்ந்து, கடுகும் வெந்தயமும் மிளகாயும் பொரிந்து, புகை எழும்பியதுதான் தாமதம், கூரையிலிருந்து காது கிழிகிற மாதிரி ஒரு மணி அலறியது. மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். நான் நாற்காலியைத் தேடினேன். மேட்டிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். நெடுநெடுவென்று உயரம், சிவந்த முகம், வெள்ளைத் தாடி. துண்டை எடுத்துக் கூரைப் பக்கமாக விசிறிப் புகையைக் கலைத்தார். மணி நின்றது. அப்புறம் அவர் கண் அடுப்பின்மேல் போனது.

மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் துளியும் பயமில்லை. முகத்தில் மரியாதைதான் தெரிந்தது.

"நல்ல ஏற்பாடு மாப்ள" என்றார் என்னிடம். "தாளிச்சா வூட்டுக்காரனுக்கு மணி அடிக்குது."

அது தீப்பிடித்தால் எச்சரிக்கிற கருவி என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. திருத்தணியில் தமிழ் தெரியாதவர் என்றால் தெலுங்குக்காரர் என்று அர்த்தம். வாழ்நாள் முழுவதும் அப்படிப் பழகியதால், அந்த ஸ்காட்லாந்துக்காரரைப் பார்த்து, "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் உபசரித்தார். வா, உட்கார் என்பது அவருக்கும் எப்படியோ புரிந்தது. உட்கார்ந்தார். ஒரு கரண்டி குழம்பை வாயில் வைத்ததும் தாடிக்கு மேலே இருந்த இடமெல்லாம் இன்னும் சிவந்தது. கண்ணீர் வந்தது. தண்ணீர் குடித்தார். பிறகு தட்டை மறுபடியும் நீட்டினார். அவர் பேசிய ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. அன்று அந்த வீட்டில் சந்தேகமில்லாமல் பேசிக்கொண்டவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

அதற்கப்புறம் மாமியார் வேண்டுமென்றே தாளிக்க ஆரம்பித்தார். பருப்புக்குத் தாளித்தார், மோருக்குத் தாளித்தார், முட்டைக்கும் தாளித்தார். சமையல் முடிந்ததும் வெறும் வாணலியில் இரண்டு மிளகாயைப் போட்டு, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருப்பார். மணி அடிக்கும். பெரியவர் இப்போது ஓடி வருவதில்லை, நடந்துதான் வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒருநாள் தன் தட்டையும் கையோடு கொண்டுவந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனைவிக்கு மானம் போனது. இதற்கெல்லாமா இங்கே வந்தோம் என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். அம்மாவிடம் பேச அவள் வாயெடுக்கும்போதெல்லாம், ஒன்று மணி அடித்தது, அல்லது பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாரம் முடிகிற சமயத்தில் ஒருநாள் நானும் அவளும் கடற்கரையில் நடந்துவிட்டுத் திரும்பியபோது மாமியார் வீட்டில் இல்லை. கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். பெரியவரின் அடுப்படிக்குப் போயிருந்தாராம். அவர் படகில் கிளம்பியதைப் பார்த்துவிட்டு, கதவு பூட்டாமல் கிடக்கவும் உள்ளே போயிருக்கிறார். அலமாரி கிடந்த லட்சணத்தைப் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, தன் வீட்டில் இருக்கிற வரிசைப்படி அடுக்கிவிட்டு வந்திருக்கிறார். இந்த ஊரில் இதற்குப் போலீஸ்கூட வரும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. பெரியவர்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் தயங்கி, தன்னுடைய தேநீர்க் கெண்டியை அந்த அம்மா எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

மாமியார் வலது பக்கம், மேல் தட்டு என்று கையால் காட்டினார். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதவு சாத்தியதும் மனைவி வெடித்தாள். மாமியார் வழக்கம்போல அடுப்பின் பக்கம் திரும்பி வாணலியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து இவரால் பட்ட அவமானங்களையெல்லாம் மகள் அடுக்கினாள். சிநேகிதிகள் வீட்டுக்குப் போக முடியாதது, என் அம்மாவிடம் அன்று கெஞ்சியது, இப்போது பூட்டாத வீடு. மாமியார் கடுகு டப்பாவைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அப்போதுதான் மகளின் குரல் உடைந்தது.

"ஊர்ல ஒரு வூட்ட வுடல. எல்லாத்தயும் தெறந்து பாக்கற. என்ன மட்டும் ஏம்மா ஒரு வார்த்த கேக்கல? இத்தினி வருசமா நான் என்னா ஆனேன்னு ஏன் கேக்கல?"

மாமியார் திரும்பினார். அவர் முகத்தில் குறும்பு சுத்தமாக இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

"அத்தினி பேரும் கேட்டுகினுதான கீறாங்க" என்றார். "நான் ஒருத்தியாவது கேக்காம இருக்கலாம்னு இருந்தேன்டி."

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஊசிகளை, ஒவ்வொரு முறையும் காத்திருந்ததை, போதும் என்று முடிவு செய்ததை. மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் இழுத்துக்கொண்டார். சொன்னதில் எதற்கும் அவர் திருத்தம் சொல்லவில்லை, யோசனை சொல்லவில்லை. ஆங், ஆங் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பை மறந்துவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் அடுப்பை மறந்தது அந்த ஒரு தரம்தான். எண்ணெய் கருகிப் புகைந்தது. மணி அலறியது.

பெரியவர் கையில் தட்டோடு வந்து நின்றார். தரையில் கிடந்த இரண்டு பெண்களையும், சுவரோரமாக நின்ற என்னையும் பார்த்தார். தட்டைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார். அடுப்பை அணைத்தார், சன்னலைத் திறந்தார், துண்டை விசிறி மணியை நிறுத்தினார். பிறகு எங்களை ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொதிக்கவைத்து, நான்கு கோப்பையில் தேநீர் போட்டு, இரண்டைத் தரையில் அவர்கள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். தன் கோப்பையோடு வாசற்படியில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தான் இருக்கிற வீட்டில் இன்னொருவர் அடுப்படியை ஆள மாமியார் விட்டதும் அன்றுதான். முழுவதையும் குடித்து முடித்த பிறகே, பால் ஜாஸ்தி என்றார்.

கிளம்புகிற அன்று பெரியவர் மாமியாரிடம் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். அதே மாதிரி கூரை மணி, புதிது. இவர் எங்கள் மிளகாய்த்தூள் முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் ஆடிக் கிருத்திகை சமயத்தில், ஒரு வேலையாக நான் மட்டும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. தெருவெல்லாம் காவடியும் அரோகராவுமாக இருந்தது. மாமியாரின் வாடகை வீட்டு அடுப்படிக் கூரையில் அந்த மணி தொங்கியது. யார் தாளித்தாலும் அலறியது. இவர் நிதானமாக எழுந்து, சீலையைச் சரிசெய்துகொண்டு, நடுக்கதவைத் திறந்துகொண்டு போனார். கூப்பிட்டீங்களே என்றுகூடச் சொல்லிவிடுவார் என்று பட்டது. சாயங்காலத்துக்குள் அதன் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்.

போகிற வழியில் நாட்டு மருந்துக்கடைக்காரர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். உள்ளே இழுத்து உட்காரவைத்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, ஒரு லேகியப் பொட்டலத்தை என் சட்டைப் பையில் செருகினார். ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம், மனசை விட்டுவிடக் கூடாது, பாலில் கலந்து சாப்பிட வேண்டும் என்றார். பூக்காரம்மா என்னைப் பார்த்ததும் முகத்தில் பரிதாபத்தைக் கொண்டுவந்தார். டீக்கடையில் பெரியவர் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பேட்டரி வாங்கித் திரும்புவதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அத்த, என்னப் பத்தி தெருவுல என்னா சொல்லி வெச்சிருக்கீங்க?"

அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "கேக்கறவங்களுக்கு எதுனா ஒரு பதில் சொல்லணும் இல்லீங்களா. கொற மாப்ளகிட்டதான்னு சொன்னேன்."

"அத்த."

"நீங்க எப்பனா வந்துட்டுப் போறவரு" என்றார், கத்தியை நிறுத்தாமல். "அவ பொறந்த ஊரு இது. இந்தத் தெருவுல அவ நடக்கணும் இல்ல?"

மனைவியை அந்தத் தெருவில் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீவுக்குப் போய் வந்த பிறகு ஒருமுறை வந்திருந்தபோது நிம்மதியாக இருந்ததாக அவளே சொல்லியிருந்தாள். ஊர் திருந்திவிட்டது என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். மாமியார் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்து, மோந்து பார்த்தார்.

"இதுல திப்பிலி பத்தல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சென்ற வருடம் மாமியார் போய்ச் சேர்ந்தார். படுக்கையில் கிடக்காமல் சட்டென்று போனார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், நானும் மனைவியும் கடைத்தெரு வழியாக நடந்துகொண்டிருந்தோம். செய்தி வந்ததிலிருந்து அவள் முகம் கல்லாகத்தான் இருந்தது. மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்து அவளிடம் துக்கம் விசாரித்தார். பிறகு என் தோளில் கைபோட்டுக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"அந்த மருந்த வுட்டுடலயே?"

"ஆங், சாப்ட்டுகினுதான் இருக்கேங்க" என்றேன்.

அவர் அப்படியொன்றும் மெதுவாகப் பேசவில்லை. என்ன மருந்து என்று மனைவி கேட்டாள். இனியும் மறைப்பதற்கில்லை. நடந்துகொண்டே முழுவதையும் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். மலைக்குப் போகிற ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூக்காரம்மா கூடையிலிருந்து நிமிர்ந்து முதலில் அவளையும், பிறகு மிகுந்த பரிதாபத்தோடு என்னையும் பார்த்தார். நான் குறையுள்ளவனுக்கு ஏற்ற மாதிரி தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தேன்.